கொங்கு வானில் நீர் ராக்கெட்டும் கிளைடரும்: கட்டுவது முதல் தரையிறக்குவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தை மாதத்தில் காலை ஏழு மணிக்குக் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களில்) நின்று பார்த்தால், கொழுக்கட்டைப் புல்லின் நுனிகூட அசையாத ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கலர் (குளிர்பானப்) பாட்டிலில் கட்டி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் காற்றைப் பம்படித்து ஏவும் ஒரு நீர் ராக்கெட், இரண்டு சிறு கிளைடர்களை, அதாவது எஞ்சின் இல்லாமல் மிதந்து இறங்கும் மாதிரி விமானங்களை, தன் இருபுறமும் சுமந்துகொண்டு முப்பது மீட்டர் அளவுக்கு ஏறி, உச்சியில் அவற்றை விடுவித்துவிட்டுத் தான் பாராசூட்டில் இறங்க வேண்டும். கிளைடர்கள் இரண்டும் வட்டமிட்டபடி அரை நிமிடம் மிதந்து வந்து புல்லில் அமர வேண்டும். இதைச் செய்து முடிக்க ஒருவருக்கு மூன்று, நான்கு வார விடுமுறை நாட்கள் போதும்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு உயரம் போகும்?" என்பதுதான். உயரத்தைப் பம்பும் பாட்டிலும் பார்த்துக்கொள்ளும். ஏறிய பொருள் உடையாமல், யார் தலையிலும் விழாமல், அழகாக இறங்குவதில்தான் கைவேலை முழுவதும் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகையால் கீழே உந்துவிசையைப் பற்றிக் குறைவாகவும் இறங்குவதைப் பற்றி அதிகமாகவும் எழுதியிருக்கிறேன்.

ஏன் வெடிமருந்து மோட்டார் இல்லாமல்?

மாதிரி ராக்கெட் விடும் பொழுதுபோக்கு அமெரிக்காவில் பிறந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர் 1954-இல், ஒருமுறை எரிந்ததும் கழற்றி மாற்றக்கூடிய சிறு வெடிமருந்து மோட்டாருடன் ஒரு மாதிரி ராக்கெட்டை வடிவமைத்தார். ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் துறைப் பொறியாளர் 1957-இல் அதைப் பரவலாக அறிமுகப்படுத்தினார். வெர்ன் எஸ்டெஸ் என்பவர் அத்தகைய மோட்டார்களை இயந்திரத்தில் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அங்கே கடைகளில் கிடைக்கும் மோட்டாரின் மேல் "சி6-5" என்பதுபோல ஒரு குறியீடு இருக்கும். எழுத்து மொத்த உந்தத்தையும் (உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கியது), நடு எண் சராசரி உந்துவிசையை நியூட்டனிலும், கடைசி எண் எரிந்து முடிந்தபின் பாராசூட்டைத் தள்ளும் சிறு வெடிப்புக்கு முன்னுள்ள வினாடிகளையும் சொல்லும். எழுத்து ஒன்று கூடும்போது அதிகபட்ச உந்தம் இரட்டிப்பாகும்: பி வகுப்பு 5 நியூட்டன்-வினாடி வரை, சி வகுப்பு 10 வரை.

நம் நாட்டில் வெடிமருந்தைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் வைத்திருப்பதும் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கும் 2008-ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை. உரிமம் இல்லாத தனிநபர் ஒருவர் அந்த வழியில் போக இடமில்லை. வீட்டில் மருந்து கலப்பதும், தீபாவளி ராக்கெட்டைப் பிரித்து மருந்தைச் சேர்ப்பதும் விரல்களையும் கண்களையும் பறிக்கும் வேலைகள். அவற்றை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. நீரும் அழுத்தக் காற்றும் உந்தும் ராக்கெட்டில் நிலைத்தன்மை, பாராசூட், கிளைடர் சமநிலை ஆகிய எல்லாப் பாடங்களும் குறைவின்றி இருக்கின்றன. உரிய அனுமதி பெற்ற ஒரு கல்லூரி அணியில் நீங்கள் நாளைக்கு மோட்டார் ராக்கெட்டைக் கையாள நேர்ந்தால், இங்கே கற்றவை அப்படியே உதவும்.

கொங்கு நாடு மைசூர் ஆட்சியின் கீழ் இருந்த காலத்தில் ஹைதர், திப்பு படைகளின் ராக்கெட்டுகள் பெயர் பெற்றிருந்தன. மருந்தை இரும்புக் குழாயில் அடைத்ததால் உள்ளே கூடுதல் அழுத்தம் தாங்கியது. அதனால் அவை தொலைதூரம் போயின. நம் பாட்டிலுக்கும் இதே கணக்குத்தான். கலம் எவ்வளவு தாங்குகிறது என்பதே முதல் கேள்வி.

பாட்டிலைத் தேர்ந்து சோதித்தல்

வாயு அடைத்த கலர், சோடா வந்த பெட் (PET என்ற பிளாஸ்டிக்) பாட்டிலை மட்டுமே பயன்படுத்துங்கள். குடிநீர் பாட்டிலின் சுவர் மெல்லியது, அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதும் அன்று. 1.25 லிட்டர் பாட்டில் இந்த வேலைக்குப் பொருத்தமானது. வெயிலில் நிறுத்திய வண்டியில் கிடந்தது, நசுங்கி நிமிர்ந்தது, மணலில் உரசியது ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். பெட் 70 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும் என்பதால், வெந்நீரில் கழுவுவதும் சூட்டுப் பசையை நேரடியாக ஒட்டுவதும் கூடாது.

தேர்ந்த பாட்டிலைப் பறக்கவிடுமுன் தண்ணீர்ச் சோதனை செய்ய வேண்டும். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, ஏவுதளத்தில் பூட்டி, ஒரு பழைய சாக்கால் மூடி, பத்து மீட்டர் தள்ளி நின்று 90 பி.எஸ்.ஐ. (சுமார் 6 பார்) வரை ஏற்றி ஒரு நிமிடம் வைத்திருங்கள். தண்ணீர் ஏறக்குறைய அமுங்காது. ஆகவே பாட்டில் கிழிந்தாலும் சிறு சத்தத்தோடு முடிந்துவிடும். அதே பாட்டில் காற்றோடு கிழிந்தால் துண்டுகள் சிதறும். சோதனையில் 90 தாங்கிய பாட்டிலை, பறக்கும்போது 60 பி.எஸ்.ஐ.-க்கு (சுமார் 4 பார்) மேல் ஏற்றுவதில்லை என்பது என் விதி. ஒவ்வொரு நாளும் புறப்படுமுன் பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில், நகத்தால் கீறியதுபோல ஒரு வெண்மையான பிறைக்கோடு தெரிந்தால், அந்த இடத்தில் பெட் இழுபட்டிருக்கிறது. கைக்கு அது தட்டுப்படாது, வெளிச்சத்தில்தான் தெரியும். அந்தப் பாட்டிலை அன்றே நசுக்கிப் பழைய சாமான் கூடையில் போட்டுவிடுங்கள்.

ஏவுதளம்

கார் கழுவும் ஹோஸில் "டக்" என்று மாட்டிக் கழற்றும் குயிக் கனெக்டர் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். அதன் உட்துளை ஏறக்குறைய 9 மி.மீ. இருக்க வேண்டும். ஆண் பகுதியைப் பாட்டில் மூடியில் துளையிட்டு, ரப்பர் வாஷர் வைத்து இறுக்குங்கள். பெண் பகுதி ஏவுதளத்தில் வாய் மேல்நோக்கி நிற்கும். பெண் பகுதியின் வளையத்தைக் கீழே இழுத்தால் ராக்கெட் விடுபடும். அந்த வளையத்தில் இரண்டு கயிறுகளைக் கட்டி, கீழே ஒரு கொக்கியில் ஒன்றாக்கி, பத்து மீட்டர் நீளத்துக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலின் வாயை முழுவதும் திறந்து விடும் முறையும் உண்டு. 4 பார் அழுத்தத்தில், 21 மி.மீ. வாய் வழியே தண்ணீர் பாயும்போது உந்துவிசை 30 கிலோ எடைக்கு நெருங்கும், 9 மி.மீ. துளையில் அது சுமார் 5 கிலோ. அரைக் கிலோ ராக்கெட்டுக்கு 5 கிலோ விசையே புவியீர்ப்பைப்போலப் பத்து மடங்கு முடுக்கம். 18 கிராம் கிளைடர் அந்தக் கணத்தில் 180 கிராம் போலக் கனக்கும், அதை அது தாங்கும். முழு வாயில் அதே கிளைடர் ஒரு கிலோவாகக் கனத்து, இறக்கை வேரோடு முறிந்துவிடும்.

அடித்தளத்துக்கு இரண்டு அடிச் சதுரப் பிளைவுட், அதில் கிளாம்ப் போட்ட அரை அங்குல ஜி.ஐ. எல்போவும் நிப்பிளும் போதும். பி.வி.சி. குழாய் காற்றழுத்தத்தில் கண்ணாடிபோலச் சிதறக்கூடியது, அதைத் தவிருங்கள். ஹோஸுக்கு, தோட்டங்களில் விசைத்தெளிப்பானோடு வரும் மருந்தடிக்கும் ஹோஸை விடச் சிறந்தது எதுவும் இல்லை. நாம் ஏற்றும் அழுத்தம் அதற்கு ஒரு பொருட்டே ஆகாது. பயன்படுத்திய ஹோஸில் மருந்து ஊறியிருக்கும் என்பதால் புதியதாகவே பன்னிரண்டு மீட்டர் வாங்குங்கள். மானியுடன் கூடிய தரைப்பம்பின் ஹோஸை வெட்டி, இதைக் கிளிப் போட்டு இணைத்து, பம்பின் அருகில் T வடிவ மூவழி இணைப்பு (டீ) ஒன்றும் பந்து வால்வு (பால் வால்வு) ஒன்றும் வையுங்கள். ஏதாவது தவறினால் அந்த வால்வைத் திறந்து, ராக்கெட்டின் பக்கம் போகாமலேயே அழுத்தத்தை இறக்கிவிடலாம்.

தலைகீழாக நிற்கும் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஹோஸுக்குள் இறங்கிவிடும் தொல்லைக்குப் பலர் பலவித வால்வுகளைத் தேடுவார்கள். ஹோஸை எல்போவிலிருந்து ஒரு குச்சியின் மேல், பாட்டிலின் நீர் மட்டத்தைவிட ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றி, வளைத்துக் கீழே இறக்கினால் தண்ணீர் அந்த வளைவைத் தாண்டாது.

வழிகாட்டும் கம்பியாக 6 மி.மீ. கம்பி 1.2 மீட்டர் வேண்டும். ராக்கெட்டின் பக்கவாட்டில் இரண்டு துண்டுக் குழாய்களை ஒட்டி இதில் கோத்துவிடுங்கள். கம்பியின் மேல்முனையில் எப்போதும் ஒரு தெர்மோகோல் பந்து குத்தியிருக்க வேண்டும். குனிந்து தண்ணீர்க் கசிவைப் பார்ப்பவர் கண்ணில் குத்தக்கூடிய உயரத்தில்தான் அந்த முனை இருக்கும். பம்படிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன் மட்டும் பந்தை எடுங்கள்.

உடலும் நிலைத்தன்மையும்

பறக்கும் ராக்கெட் தன் எடை மையத்தைச் சுற்றியே திரும்பும். காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும் விசை முழுவதும் ஒரு புள்ளியில் செயல்படுவதாகக் கொண்டால், அதுவே காற்றழுத்த மையம். எடை மையம் முன்னாலும் காற்றழுத்த மையம் பின்னாலும் இருந்தால், ராக்கெட் சாயும்போதெல்லாம் காற்றே அதை நேராக்கும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது ராக்கெட்டின் குறுக்களவு தூரம் வேண்டும். நம் பாட்டிலுக்கு அது சுமார் 90 மி.மீ.

துடுப்புகள் நான்கு. விளம்பரப் பலகைக்குப் பயன்படும் குழல் பிளாஸ்டிக் அட்டையில் 100 மி.மீ. உயரமும் 80 மி.மீ. அகலமும் கொண்ட சாய்சதுரங்களாக வெட்டுங்கள். அவற்றை அழுத்தக் கலத்தில் நேரடியாக ஒட்டாமல், வேறொரு பாட்டிலின் நடுப்பகுதியை வளையமாக வெட்டி அதில் ஒட்டி, வளையத்தை இருபக்க நாடாவால் பாட்டிலின் கழுத்துப் பக்கம் பொருத்துங்கள். மூக்குக்கு இன்னொரு பாட்டிலின் தோள்பகுதியை வெட்டி மேலே கவிழ்த்து, உள்ளே 30 கிராம் களிமண்ணைப் பொதியுங்கள். முனை கூர்மையாக இருக்க வேண்டாம். பாதி டென்னிஸ் பந்து ஒன்றை ஒட்டினால் விழுந்தாலும் பாதுகாப்பு.

காற்றழுத்த மையத்தைத் தோராயமாக அறிய, ராக்கெட்டின் பக்கத் தோற்றத்தை அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அட்டை கத்திமுனையில் சமன்படும் இடத்தைக் குறியுங்கள். இந்த முறை உண்மையைவிடச் சற்று முன்னால்தான் காட்டும், ஆகையால் பாதுகாப்பான பக்கமே தவறும். ஜேம்ஸ் பாரோமேன் 1960-களில் வகுத்த சமன்பாடுகளைக் கொண்டு ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் இதைத் துல்லியமாகக் கணக்கிடும். கணக்கு எப்படி இருந்தாலும் கடைசியில் கயிற்றுச் சோதனை வேண்டும். தண்ணீர் இல்லாத ராக்கெட்டின் எடை மையத்தில் இரண்டு மீட்டர் கயிற்றைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால், மூக்கு முன்னோக்கி ஓட வேண்டும். பக்கவாட்டில் அலைந்தால் களிமண்ணைக் கூட்டுங்கள்.

தண்ணீர் கீழே இருக்கும்போது எடை மையமும் கீழே இருக்குமே என்ற ஐயம் நியாயமானது. 350 மி.லி. தண்ணீர், 60 பி.எஸ்.ஐ., 9 மி.மீ. துளை என்ற நம் அளவுகளில், தண்ணீர் முழுவதும் வெளியேறக் கால் வினாடிதான் ஆகும். ராக்கெட் கம்பியை விட்டு விலகும்போது வினாடிக்குச் சுமார் 15 மீட்டர் வேகத்தில் இருக்கும், தண்ணீரின் பெரும்பகுதியும் போயிருக்கும். அதுவரை கம்பி அதை நேராகப் பிடித்துக்கொள்கிறது. கம்பியைக் குட்டையாக்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பாராசூட்

ஏறக்குறைய 140 கிராம் எடை, வினாடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் இறங்க 45 செ.மீ. குறுக்களவுள்ள பாராசூட் போதும். பழைய குடைத்துணி இதற்கு ஏற்றது. எட்டு மூலைகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் 50 செ.மீ. நூல் கட்டி, நடுவில் 4 செ.மீ. துளை விடுங்கள்; அந்தத் துளை இல்லாவிட்டால் பாராசூட் ஊஞ்சலாடும். மூக்கின் பக்கவாட்டில் ஒரு கதவு வெட்டி, பாராசூட்டை முகப்பவுடர் தூவித் தளர்வாக மடித்து உள்ளே வைத்து, அதன் பின்னால் ஒரு ரப்பர் பட்டையைத் தள்ளுவிசையாக அமையுங்கள்.

கிளைடர்

வேலையின் நுணுக்கம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஏனென்றால் ஒரே பொருள் முற்றிலும் வேறுபட்ட இரண்டு நிலைகளில் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும். நம் கிளைடர் தானாக மிதக்கும்போது வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும். ராக்கெட்டோடு ஏறும்போது 25 மீட்டர் வேகத்தைத் தாண்டும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், ஐந்து மடங்கு வேகத்தில் இருபத்தைந்து மடங்கு தூக்குவிசை பிறக்கும். மிதப்பதற்காக இறக்கைக்கும் வாலுக்கும் இடையில் கொடுத்த சிறு கோண வேறுபாடு, ஏற்றத்தில் முழு ராக்கெட்டையும் வளைத்து இழுத்துவிடும். வெடிமருந்து மோட்டார் கொண்ட பூஸ்ட் கிளைடர்களில் மோட்டாரை முன்னால் வைத்து, எடை மையத்தை முன்னுக்குத் தள்ளி இதைச் சமாளிக்கிறார்கள். உச்சியில் மோட்டார்க் கூடு கழன்று விழுந்ததும் எடை மையம் மிதப்பதற்குரிய இடத்துக்கு வந்துவிடும். முழுவதும் ஒரே துண்டாகத் திரும்பி வருவதையே ராக்கெட் கிளைடர் என்று தனியாக அழைப்பர். அதில் இறக்கையோ எடையோ பறக்கும்போதே இடம் மாற வேண்டும்.

நான் முதல் ஆண்டில் ஒரே கிளைடரை ராக்கெட்டின் ஒரு பக்கத்தில் கட்டினேன். கம்பியை விட்டதும் ராக்கெட் கிளைடரின் முதுகுப் பக்கமாக வளைந்து, பத்து மீட்டர் உயரத்தில் படுக்கையாகத் திரும்பி, பக்கத்துத் தென்னந்தோப்பு வேலியில் போய் மோதியது. அன்று அங்கே ஆள் இல்லை என்பது நல்வாய்ப்பு; அதன் பிறகு அந்த அமைப்பை நான் தொட்டதில்லை. ஒரே அளவும் ஒரே எடையும் கொண்ட இரண்டு கிளைடர்களை எதிரெதிர்ப் பக்கங்களில் முதுகை வெளியே காட்டிக் கட்டினால், இரண்டின் தூக்குவிசையும் எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன, எடையும் நடுக்கோட்டிலேயே நிற்கிறது. ஒரு கிளைடரில் செய்த திருத்தம் பலித்ததா என்று மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடிகிறது.

அளவுகள் இவை. இறக்கை 3 மி.மீ. பால்சா (மிக இலேசான ஒரு மரம்) பலகை, நீளம் 300 மி.மீ., அகலம் 60 மி.மீ.; வால் இறக்கை 1.5 மி.மீ. பால்சா, 100-க்கு 45 மி.மீ.; செங்குத்து வால் 40-க்கு 40 மி.மீ.; உடல் 250 மி.மீ. நீளமுள்ள பால்சாக் குச்சி. வால் இறக்கை நூறைத் தாண்டினால் ராக்கெட்டின் துடுப்பில் இடிக்கும், ஆகவே கிளைடரை இரண்டு துடுப்புகளுக்குச் சரிநடுவில் வையுங்கள். இறக்கையின் முன்விளிம்பை உப்புத்தாளால் உருட்டையாகவும் பின்விளிம்பைக் கத்திபோலவும் தேயுங்கள். நடுவில் வெட்டி, ஒவ்வொரு முனையும் 25 மி.மீ. உயரும்படி வளைத்து ஒட்டுங்கள். இந்த வி வடிவந்தான் கிளைடர் பக்கவாட்டில் சரிந்தால் மீட்டுக் கொண்டுவரும். முடிந்த எடை 18 கிராமுக்குள் இருக்கட்டும். பால்சா கிடைக்காதவர்கள் தெர்மோகோல் சாப்பாட்டுத் தட்டின் தட்டையான பகுதியை வெட்டி, அடியில் மூங்கில் சீவலை ஒட்டிப் பழகலாம்.

சமன்படுத்துதலைக் காற்றில்லாத நேரத்தில், உயரமான புல் உள்ள இடத்தில் செய்யுங்கள். எடை மையம் முன்விளிம்பிலிருந்து 22 மி.மீ.-இல் வரும்படி மூக்கில் களிமண் வையுங்கள். தோள் உயரத்திலிருந்து, மூக்கைச் சற்றே தாழ்த்தி, எறியாமல், கிளைடர் தானே போக விரும்பும் வேகத்தில் விடுங்கள். பேப்பரை மேசைமேல் வழுக்கவிடும் கைதான் இதற்கு வேண்டும். மூக்கைத் தூக்கி, நின்று, விழுந்து, மறுபடி தூக்கினால் மூக்கில் பயறளவு களிமண் சேருங்கள். நேராகத் தரைக்குப் பாய்ந்தால் அதே அளவு எடுங்கள். வால் இறக்கையின் பின்விளிம்பை நகத்தால் வளைத்துத் திருத்தும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். தரையில் அது அழகாக வேலை செய்யும், ஏற்றத்தில் அந்த ஒரு மில்லிமீட்டர் இருபத்தைந்து மடங்காகும். முடிந்தவரை எல்லாத் திருத்தத்தையும் களிமண்ணாலேயே முடிப்பது நல்லது. தோளிலிருந்து விட்டது ஏழெட்டு மீட்டர் சீராகப் போனால் சமநிலை வந்துவிட்டது. கடைசியாகச் செங்குத்து வாலை ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம் திருப்பி, பெரிய வட்டமாகச் சுற்றும்படி செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த ஊர்வரை நேராகப் போய்விடும்.

விடுவிக்கும் பொறி

தேர்க்கடைகளில் விற்கும் சாவி கொடுத்தால் நடக்கும் பொம்மையைப் பிரித்தால், உள்ளே தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு பற்சக்கரப் பெட்டி இருக்கும். நீர் ராக்கெட் கட்டுபவர்கள் பலர் இத்தகைய பெட்டியைக் காலங்காட்டியாக வைத்துக்கொள்கிறார்கள். அதன் அச்சில் ஒரு சிறு கொக்கியை ஒட்டுங்கள். பாராசூட் கதவையும் இரண்டு கிளைடர்களின் வாலையும் ஒரே நூல் சுற்றிப் பிடித்திருக்க, அந்த நூலின் கண்ணி இந்தக் கொக்கியில் மாட்டியிருக்கும். அச்சு அரைச்சுற்று திரும்பியதும் கண்ணி நழுவும். சக்கரத்தைத் தடுக்கும் ஒரு குண்டூசியை நூலால் ஏவுதளத்தில் கட்டிவிட்டால், ராக்கெட் கிளம்பும்போது ஊசி தானே உருவிக்கொண்டு கணக்கு தொடங்கும். உச்சிக்குப் போக நம் ராக்கெட்டுக்கு ஏறத்தாழ இரண்டரை வினாடி ஆகும். கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச் வைத்து, வீட்டில் இருபது முறையாவது அந்த நேரத்தைச் சரிபாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே நேரம் வராத பெட்டியை மாற்றிவிடுங்கள்.

கிளைடரின் மூக்கடியில் கீழ்நோக்கிய ஒரு மூங்கில் ஆணி, பாட்டிலில் நாடாவால் ஒட்டிய ஒரு குட்டிக் குழாய்க்குள் மேலிருந்து இறங்கி உட்காரும். ஏறும்போது கிளைடரின் கனமே ஆணியை உள்ளே அழுத்தும். நூல் விட்டதும், வாலின் அடியில் வைத்த மெல்லிய ரப்பர் துண்டு வாலை வெளியே தள்ள, கிளைடர் நழுவி விலகும்.

இடமும் காற்றும்

நம் பகுதியின் காற்றைப் பாலக்காட்டுக் கணவாய் ஆள்கிறது. வைகாசி முடிவிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று அந்த இடைவெளி வழியே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று வீசிக்கொண்டே இருக்கும். காற்றாலைகள் அங்கே வரிசையாக நிற்பதன் காரணமும் அதுவே. அரை நிமிடம் மிதக்கும் கிளைடரை வினாடிக்கு 5 மீட்டர் காற்று 150 மீட்டர் தள்ளிவிடும். அந்த மாதங்களில் கட்டும் வேலையைப் பாருங்கள். மார்கழி முதல் மாசி வரை, காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் பறக்கவிடுங்கள். மண்ணைத் தூவினால் அது காலடியிலேயே விழ வேண்டும். பத்து மணிக்கு மேல் வெறும் நிலம் சூடேறிக் காற்று மேலெழும். பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிடுவதைக் கண்டால், கிளைடர் அதில் அகப்பட்டுத் தொலையக்கூடும் என்று அறிந்துகொள்ளுங்கள்.

எல்லாப் பக்கமும் நூறு மீட்டர் திறந்திருக்கும் கொறங்காடு, நிலக்கடலை எடுத்த காடு, பள்ளி மைதானம் ஆகியவை ஏற்றவை. உயர் அழுத்த மின்கம்பி, தென்னந்தோப்பு, நெடுஞ்சாலை அருகில் வேண்டாம். பீளமேடு, சூலூர், சேலத்துக்கு அருகே ஓமலூர்ப் பக்கம் உள்ள விமானத் தளங்களின் சுற்றுப்புறத்தை முற்றிலும் தவிருங்கள். நிலத்துக்காரரிடம் முன்நாளே கேட்டுவிடுவதும், உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லிவைப்பதும் பல கேள்விகளைத் தவிர்க்கும். நாங்கள் போகும் காட்டின் சொந்தக்காரர் ஒவ்வொரு முறையும், "சித்த இருங்க தம்பி, மாட்டக் கட்டுத்தரைல கட்டிப்போட்டு வந்தர்றனுங்க, அப்பறம் உடுங்க" என்பார். "ஆகட்டுங்கண்ணா" என்று அவர் திரும்பி வரும்வரை நாங்கள் பம்பைத் தொடுவதில்லை. காங்கேயம் காளை மிரண்டால் கிளுவை வேலி அதைத் தடுக்காது.

பறக்கவிடும் காலை

நால்வர் இருந்தால் நல்லது: பம்புக்கு ஒருவர், கயிற்றுக்கு ஒருவர், உயரம் அளக்க ஒருவர், வானத்தையும் வழிப்போக்கர்களையும் கவனிக்க ஒருவர். பம்படிப்பவரும் கயிறு இழுப்பவரும் பட்டறையில் போடும் நிறமற்ற கண்கவசம் அணிய வேண்டும்.

முதலில் பாராசூட்டை மடித்து, கிளைடர்களை மாட்டி, நூலைச் சுற்றி, காலங்காட்டிக்குச் சாவி கொடுத்து ஊசி குத்துங்கள். தண்ணீரை அளந்து ஊற்றிப் பூட்டுங்கள். ராக்கெட்டின் அருகில் செய்ய வேண்டியவை எல்லாம் அழுத்தம் ஏறுமுன்பே முடிந்திருக்க வேண்டும்; பம்பின் முதல் அடிக்குப் பிறகு யாரும் பத்து மீட்டருக்குள் போகக் கூடாது. 30 பி.எஸ்.ஐ.-இல் நிறுத்திக் கசிவு இருக்கிறதா என்று தொலைவிலிருந்தே பாருங்கள். பிறகு 60 வரை ஏற்றுங்கள். எல்லோருக்கும் கேட்கும்படி ஐந்திலிருந்து எண்ணி, கயிற்றை ஒரே இழுப்பில் இழுங்கள். விடுபடாவிட்டால் பால் வால்வைத் திறந்து, மானி முள் பூச்சியத்துக்கு வந்து ஒரு நிமிடம் கழிந்த பின்பே அருகில் போங்கள். முதல் நாளில் கிளைடர் இல்லாமல் ராக்கெட்டை மட்டும் மூன்று முறை ஏற்றி, பாராசூட் மூன்று முறையும் விரிந்தால்தான் கிளைடரைக் கட்டுங்கள்.

உயரம் அளக்க, ஏவுதளத்திலிருந்து 40 மீட்டர் தள்ளி நின்று, கோணமானியில் நூல்குண்டு கட்டி உச்சியைக் குறிபாருங்கள். கோணம் 36 டிகிரி என்றால், அதன் டேன்ஜென்ட் 0.73, நாற்பதால் பெருக்க 29, கண் உயரம் ஒன்றரை சேர்த்து முப்பதரை மீட்டர்.

ஒவ்வொரு பறத்தலுக்கும் ஒரு நோட்டில் அழுத்தம், தண்ணீர், காலங்காட்டி வினாடி, கோணம், இரண்டு கிளைடர்களும் மிதந்த நேரம் ஆகியவற்றை உடனே எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்றால் மூன்றாவது ஏவுதலிலேயே குழப்பம் வந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். கிளைடர் விலகியதும் தலைகுப்புறப் பாய்ந்தால், களிமண்ணைத் தொடுமுன் காலங்காட்டியைப் பாருங்கள்; ராக்கெட் கவிழ்ந்து இறங்கத் தொடங்கிய பின் விடுவித்தால் நன்றாகச் சமன்பட்ட கிளைடர்கூட அப்படித்தான் பாயும்.

கிளம்புமுன் நூல் துண்டு, தெர்மோகோல் துகள், ரப்பர், உடைந்த பிளாஸ்டிக் எல்லாவற்றையும் நால்வரும் வரிசையாக நடந்து பொறுக்குங்கள். அரை மணி நேரத்தில் மாடுகள் அதே புல்லுக்கு அவிழ்த்துவிடப்படும். அவை புல்லோடு சேர்த்து எதையும் மேய்ந்துவிடும். குண்டூசியை ஏவுதள நூலிலேயே குத்தி எண்ணிப் பாருங்கள். பாட்டிலைக் காயவைத்து, மூடி திறந்தபடி, நிழலான அலமாரியில் வைத்து, அதன்மேல் எத்தனையாவது பறத்தல் என்று ஒரு கோடு போடுங்கள். இருபது கோடு வந்த பாட்டிலுக்குப் பதிலாகப் புதிய பாட்டிலைத் தண்ணீர்ச் சோதனைக்கு எடுங்கள்.